போர்க்காலப் பாலியல் வன்முறை பற்றி ஆவணப்படம் எடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: ஆயுத மோதல் நடந்த ஒரு பகுதியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பற்றி ஒரு சிறு குழு ஆவணப்படம் எடுக்கப்போகிறது. அவர்களை எப்படிப் பேச வைப்பது? முகத்தை மங்கலாக்கினால் போதுமா? என்ன மாதிரி ஒப்புதல் வாங்க வேண்டும்?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. "எப்படிப் பேச வைப்பது" என்பதில் தொடங்கினால் படம் அங்கேயே தடம் மாறிவிடும். பாதிக்கப்பட்டவர் தனக்கு நடந்ததை கேமரா முன் விவரிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லாமல் இந்தப் படத்தை எடுக்க முடியும். முதல் திட்டத்தை அப்படியே எழுதுங்கள். அவருடைய வாக்குமூலம் இல்லாமலே படம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், பிறகு அவர் தானாகச் சொல்ல விரும்புவது எதுவோ அது படத்துக்கு வந்து சேரும். நிற்கவில்லை என்றால் ஆராய்ச்சி போதவில்லை. அந்தக் குறையை ஒரு பெண்ணின் வலியைக் கொண்டு ஈடுகட்டக் கூடாது.

இது நல்ல மனசுக்காக மட்டும் சொல்வதில்லை, பார்வையாளருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. வன்புணர்வு கொடூரமானது என்று யாருக்கும் படம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. அதை யார் அனுமதித்தார்கள், எந்த இடத்தில் நடந்தது, மேலே இருந்தவருக்குத் தெரியுமா, தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை, பிறகு யார் மறைத்தார்கள் என்பவைதான் தெரியாதவை. 1994 ருவாண்டா இனப்படுகொலையின்போது டாபா வட்டாரத் தலைவராக இருந்த ழான் பால் அகாயேசு மீது ஐ.நா. தீர்ப்பாயத்தில் நடந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் குற்றமே இல்லை. 1997-இல் விசாரணை தொடங்கிய பிறகு, சாட்சிகள் வேறு விஷயங்களைப் பற்றிப் பேசும்போது வன்புணர்வுகளைப் பற்றியும் சொன்னார்கள். நீதிபதிகளில் ஒருவரான நவநீதம் பிள்ளை மேற்கொண்டு கேள்விகள் கேட்டார். அந்த ஆண்டு ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, வன்புணர்வு இனப்படுகொலையின் ஒரு செயலாக அமைய முடியும் என்று முதல்முறையாகச் சொன்னது. அந்தத் தலைவரின் அலுவலக வளாகத்திலும் அதன் அருகிலும் அவை நடந்தன என்பதும், அவர் அங்கே இருந்தார், ஊக்குவித்தார், தடுக்கவில்லை என்பதும்தான் அவரைக் குற்றவாளியாக்கியவை. ஒரு படத்துக்கும் இவைதான் முதுகெலும்பு: இடம், அதிகாரம், அறிந்திருந்தது.

போஸ்னியப் போரின்போது ஃபோச்சா நகரில் பெண்களை அடைத்துவைத்த இடங்களில் ஒன்று பார்ட்டிசான் விளையாட்டு அரங்கம். காவல் நிலையம் அதற்கு மிக அருகில். அந்த இரண்டு கட்டடங்களையும் ஒரே ஷாட்டில் காட்டினால், "போலீசுக்குத் தெரியாதா?" என்ற கேள்வியைப் பார்வையாளரே கேட்டுக்கொள்வார். 2001 பிப்ரவரி 22 அன்று, குனாராச் உள்ளிட்ட செர்பியப் படையினர் மூவர் மீது முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஐ.நா. தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பு, அந்த நகரில் நடந்த வன்புணர்வையும் அடிமைப்படுத்தலையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக அறிவித்தது. இத்தகைய தீர்ப்புகள், விசாரணைப் பதிவுகள், நிலப்படங்கள், பணிப் பட்டியல்கள், மருத்துவமனையின் பெயர் நீக்கிய புள்ளிவிவரங்கள், அப்போது வேலை செய்த செவிலியர்கள், ஓட்டுநர்கள், படையிலிருந்து விலகியவர்கள் என மூலப்பொருள் நிறையவே உண்டு. சேகரிக்க நேரமாகும் என்பதால்தான் பலர் இவற்றை விட்டுவிட்டு நேராக ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போகிறார்கள்.

இன்னொரு வழக்கமான பிழை, "போர் என்றால் இதெல்லாம் நடக்கும்" என்ற தொனி. அது உண்மையும் இல்லை. எலிசபெத் வுட் போன்ற ஆய்வாளர்கள் காட்டியபடி, ஒரே போரில்கூட ஒரு தரப்பு பெருமளவில் செய்யும், இன்னொரு தரப்பு மிகக் குறைவாகச் செய்யும். டாரா கே கோஹன் 1980 முதல் 2009 வரையிலான 86 உள்நாட்டுப் போர்களை ஒப்பிட்டு, ஆட்களைக் கடத்திச் சேர்க்கும் படைகளில் கூட்டு வன்புணர்வு அதிகம் என்று கண்டார். ஒருவரையொருவர் அறியாத, நம்பாத ஆட்களை ஒரு குழுவாகப் பிணைக்க அது பயன்பட்டது என்பது அவர் விளக்கம். ஆகவே தளபதி தடுக்க நினைத்தால் தடுக்க முடியும். இது படத்துக்குள் வந்துவிட்டால், குற்றம் இயற்கைச் சீற்றம் போலத் தோன்றாது. முடிவெடுத்த மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். மேலிடம் எழுத்தில் உத்தரவு கொடுத்திருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். புகார் வந்தும் தண்டிக்காமல் விடுவதே பல இடங்களில் உத்தரவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

எண்கள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். காங்கோவைப் பற்றிய படங்களிலும் கட்டுரைகளிலும் "ஒரு மணி நேரத்துக்கு 48 பெண்கள்" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். அது 2007-ஆம் ஆண்டின் நாடு தழுவிய குடும்பநலக் கணக்கெடுப்பை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு: 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானார்கள் என்பது மதிப்பீடு. ஆயுதம் தாங்கியவர்கள் செய்தவை மட்டும் அதில் இல்லை, போரே நடக்காத மாகாணங்களும் அதில் உண்டு. கணவன் அல்லது துணைவன் செய்த பாலியல் வன்முறை இன்னும் அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ருவாண்டாவுக்குச் சொல்லப்படும் 2,50,000 முதல் 5,00,000 வரையிலான வன்புணர்வுகள் என்பதும் யாரும் தலை எண்ணிச் சொன்னது இல்லை. பதிவான கர்ப்பங்களிலிருந்து, 100 வன்புணர்வுக்கு 1 கர்ப்பம் என்ற விகிதத்தைக் கொண்டு 1996-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கணித்தது. ஒரு எண் எப்படி வந்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அதைத் திரையில் போடாதீர்கள். எண் பொய்த்தால், மறுப்பவர்கள் அந்த ஓட்டை வழியாகப் படம் முழுவதையும் பொய் என்பார்கள்.

இனி மனிதர்களிடம் போவது பற்றி. யாரையும் நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் பெண்கள் அமைப்பு, உளவியல் ஆலோசனை மையம், சட்ட உதவிக் குழு ஆகியவற்றிடம் படத்தின் நோக்கத்தை எழுதிக் கொடுங்கள். விருப்பமுள்ளவர் அவர்கள் மூலமாக உங்களைத் தொடர்புகொள்ளட்டும். மருத்துவமனைப் பட்டியலோ முகாம் பட்டியலோ கைக்கு வந்தாலும் வாங்காதீர்கள். வெளியூர் வண்டி ஒன்று ஒரு வீட்டின் முன் இரண்டு மணி நேரம் நின்றாலே ஊருக்குச் செய்தி போய்விடும். உதவி அமைப்பு தன் பயனாளிகளை உங்களிடம் அனுப்பும்போது, "படத்தில் பேசாவிட்டால் உதவி நின்றுவிடுமோ" என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கும். அந்த இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதை அமைப்பும் சொல்ல வேண்டும், நீங்களும் தனியாகச் சொல்ல வேண்டும்.

சிலரிடம் கேட்கவே கூடாது. 18 வயது நிறையாதவர்கள், சம்பவம் நடந்து சில வாரங்களோ மாதங்களோதான் ஆனவர்கள், இன்னும் தடுப்புக்காவலிலோ குற்றவாளிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ இருப்பவர்கள், சிகிச்சை எதுவும் கிடைக்காதவர்கள், ஏற்கெனவே நாலைந்து பேரிடம் இதையே சொன்னவர்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். 2014 ஆகஸ்டில் இராக்கின் சிஞ்சார் பகுதி மீது ஐ.எஸ். அமைப்பு நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, தப்பி வந்த யாசிதி என்ற சிறுபான்மைச் சமூகப் பெண்களிடம் பத்திரிகையாளர்கள், அமைப்புகள், விசாரணையாளர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக அதே கதையைக் கேட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2022 ஏப்ரலில் வெளியான, தப்பி வந்தவர்களில் ஒருவரான நாதியா முராதின் பெயரைத் தாங்கிய முராத் நெறிமுறை. "இந்தத் தகவலை இவரிடம்தான் வாங்க வேண்டுமா, வேறெங்கும் கிடைக்காதா?" என்று முதலில் யோசிக்கச் சொல்வது அது. அதையும், 2014-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட சர்வதேச ஆவணப்படுத்தல் நெறிமுறையையும் குழுவில் எல்லோரும் படித்திருக்க வேண்டும், ஓட்டுநர் உட்பட.

பயணத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் உதவிப் பட்டியல் ஒன்று தயாராக இருக்க வேண்டும்: அருகிலுள்ள மருத்துவமனை, ஆலோசகர், வழக்கறிஞர், தங்குமிடம், ஒவ்வொன்றும் இப்போது இயங்குகிறதா என்று தொலைபேசியில் உறுதிசெய்த தேதியுடன். படப்பிடிப்பின்போது அண்மையில் தாக்கப்பட்ட ஒருவர் எதிர்ப்பட்டால் நீங்கள் நேர்காணல் குழுவாக இருப்பதை அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மருந்துக்கு 120 மணி நேரம்தான் அவகாசம், இரண்டிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது தெரியாத குழு அந்தப் பகுதிக்குப் போகவே கூடாது.

மொழிபெயர்ப்பாளர் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பாதிக்கப்பட்டவரின் உறவினர், அதே ஊர்க்காரர், எதிர்த் தரப்பின் பேச்சு வழக்கு உள்ளவர், மூவரும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் ஆணா பெண்ணா என்பதைப் பாதிக்கப்பட்டவரிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள். பெரும்பாலும் பெண்ணைக் கேட்பார்கள், எப்போதும் அப்படியில்லை. நேர்காணலுக்கு முன் ஒரு முழு அமர்வு மொழிபெயர்ப்பாளருடன் உட்கார்ந்து, உடலைப் பற்றிய சொற்களையும் சுற்றி வளைத்துச் சொல்லும் வழக்குகளையும் பட்டியலிடுங்கள். "என்னைக் கெடுத்துவிட்டார்கள்" என்று அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சட்டச் சொல்லாக மாற்றிச் சொன்னாலும் தவறு, கூச்சத்தில் "துன்புறுத்தினார்கள்" என்று மழுப்பினாலும் தவறு. சுருக்கிச் சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, தானாகக் கேள்வி கேட்கக் கூடாது. படத்தொகுப்புக்கு முன் இன்னொருவர் ஒலியை முதலிலிருந்து கேட்டுச் சரிபார்க்க வேண்டும். துணைத்தலைப்பில் ஒரு வினைச்சொல் பிசகினாலே "பார்த்தேன்" என்பது "கேள்விப்பட்டேன்" ஆகிவிடும்.

ஒப்புதலுக்கு வருவோம். ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது உங்களுக்கான பாதுகாப்பு, அவருக்கு அதனால் ஒன்றுமில்லை. சில இடங்களில் அவர் பெயர் எழுதிய அந்தத் தாளே ஆபத்து. மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதல் சந்திப்பில் கேமராவே வேண்டாம். படம் எதைப் பற்றியது, யார் பணம் தருகிறார்கள், எங்கே காட்டப்படும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இடையில் சில நாட்கள் விட்டு, அவர் சம்மதித்தால் பதிவுக்கு முன் இரண்டாவது ஒப்புதல். தொகுத்த காட்சியை அவருக்குக் காட்டிய பிறகு மூன்றாவது. எழுத்துக்குப் பதில் ஒலிப்பதிவாக வாங்கலாம். அதையும் படக் கோப்புகளுடன் வைக்காமல் தனியே பூட்டுங்கள்.

எதற்கு ஒப்புகிறார் என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முகம் வரலாமா? குரல்? பெயர்? ஊர்? திரைவிழாவில் மட்டுமா, தொலைக்காட்சியிலுமா, யூடியூபிலுமா? ஒரு நிமிடத் துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும், அதில் முன்னும் பின்னும் இருக்காது என்பதை ஒரு போனில் காட்டியே விளக்குங்கள். "வெளிநாட்டில்தான் காட்டுவோம்" என்ற வாக்குறுதியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், இணையத்தில் அப்படி ஓர் எல்லை கிடையாது. எந்தத் தேதிவரை விலகிக்கொள்ளலாம் என்பதை நாள் குறித்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எது முடியும், எது முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கணவர், குழந்தைகள், மாமியார் ஆகியோருக்கு இது தெரியுமா, தெரியாவிட்டால் படம் வழியாகத் தெரியவருவது அவருக்குச் சம்மதமா என்பதைத் தனிமையில் கேட்க வேண்டும். பேசுவதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். அது அவரது சாட்சியத்தையே பின்னால் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். போக்குவரத்து, இழந்த கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கான செலவு ஆகியவற்றைக் கட்டாயம் கொடுங்கள், தொகையை எல்லோருக்கும் ஒரே அளவில் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

ஒப்புதல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் ஒரு சாட்சி. 1971 போரில் பாதிக்கப்பட்ட பெண்களை அந்த அரசு "வீராங்கனைகள்" என்று பொருள்படும் பட்டம் கொடுத்துப் போற்றியது. 1992 மார்ச் 26 அன்று டாக்காவில் போர்க்குற்றங்களுக்காக நடந்த மக்கள் நீதிமன்றத்துக்கு (சட்ட அதிகாரமில்லாத அடையாள விசாரணை) குஷ்டியா பகுதியிலிருந்து மூன்று பெண்கள் அழைத்துவரப்பட்டார்கள். அவர்களுடைய படம் நாளிதழ்களில் வந்தது. ஊருக்குத் திரும்பியபோது கிடைத்தது பல ஆண்டுகள் நீடித்த குத்தல் பேச்சு. தலைநகரில் மரியாதையாக இருந்தது கிராமத்தில் அவமானமாக மாறியது. அழைத்தவர்களின் நோக்கம் கெட்டதில்லை, ஆனால் மறுநாள் அந்தப் பெண்கள் எந்தத் தெருவில் நடக்கப்போகிறார்கள் என்று யோசிக்க அங்கே யாரும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரையும் இருட்டில் உட்கார வைத்தாலும் தவறுதான். 1991 ஆகஸ்ட் 14 அன்று கொரியப் பெண் கிம் ஹாக்-சுன் தன் சொந்தப் பெயரோடும் முகத்தோடும், இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியப் படையின் பாலியல் அடிமைமுறையைப் பற்றிப் பேசியதால்தான் மற்ற பெண்கள் வெளியே வந்தார்கள். 1992 ஜனவரி முதல் சோலில் புதன்கிழமை தோறும் போராட்டம் நடந்தது. முகம் காட்ட விரும்புகிறவரை "உங்கள் நன்மைக்காக" மறைப்பது, வெட்கப்பட வேண்டியவர் அவர்தான் என்று சொல்வதாகிவிடும். ஆபத்துகளை முழுமையாகச் சொல்லிவிட்டு அவர் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நேர்காணல் நாளில் அறைக்குள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம்: கேட்பவர், மொழிபெயர்ப்பாளர், கேமராவும் ஒலியும் பார்ப்பவர். அவர் விரும்பினால் அவருக்குத் துணையாக ஒருவர். ஆலோசகர் பக்கத்து அறையில் இருக்கட்டும். கதவு அவர் கண்ணில் படும்படியும், வெளியேற யாரையும் தாண்டிப் போக வேண்டாதபடியும் இருக்கையைப் போடுங்கள். விளக்கை முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். விசாரணை அறையில் இருந்தவர்களுக்கு அது எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலர் மைக்கை அவரே மாட்டிக்கொள்ளட்டும், அல்லது மேலிருந்து தொங்கும் பூம் மைக் போதும். அவர் உடலைத் தொட்டு மைக் மாட்டும் வழக்கமான அவசரம் இங்கே உதவாது. நிறுத்தச் சொல்ல ஒரு கைச்சைகையை முன்பே பேசி வைத்து, பதிவு தொடங்கியதும் ஒருமுறை சோதனைக்காக அவரையே செய்யச் சொல்லி உண்மையில் கேமராவை நிறுத்திக் காட்டுங்கள். நிறுத்தலாம் என்று வாயால் சொல்வதைவிட இது நம்பிக்கை தரும்.

60 நிமிடம் போதும், 90-ஐத் தாண்ட வேண்டாம். முதல் பகுதி இன்றைய வாழ்க்கை, நடுவில் கடினமானவை, கடைசிப் பகுதி மறுபடியும் இன்று. கடினமான இடத்தில் பதிவை முடித்துவிட்டு உபகரணங்களைக் கட்டத் தொடங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகக் கொடுமையான பிழை. கேள்விகளைத் திறந்ததாக வையுங்கள்: "அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது?", "யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார்?", "அதிகாரிகளிடம் போனபோது என்ன நடந்தது?", "மக்கள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" "ஏன்" என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் குற்றச்சாட்டாக விழும். "ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை" ஆகிய மூன்றையும் வேறு சொற்களில்கூடக் கேட்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை முறை என்பது விசாரணை அதிகாரியின் கேள்வி.

நினைவு நேர்கோட்டில் வராது. வாசனை, பூட்ஸ் சத்தம், சுவரின் நிறம் துல்லியமாக இருக்கும். தேதியும் வரிசையும் மாறும். அதனால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயத்தில் ஃபுருண்ஜியா வழக்கில் எதிர்த்தரப்பு இதையே எழுப்பியது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருப்பதாலேயே ஒருவர் நம்பத்தகாத சாட்சி ஆகிவிடமாட்டார் என்று 1998 டிசம்பர் 10 தீர்ப்பு சொன்னது. ஆகவே தேதியைத் திருத்தி, "இல்லையே, முன்பு வேறு மாதிரி சொன்னீர்களே" என்று மடக்காதீர்கள். அவர் பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தினால், குரல் உணர்ச்சியற்றுத் தட்டையானால், மூச்சு மேலோட்டமானால், கேட்பது அவர் காதில் விழாதது போல இருந்தால், அவர் அந்த இடத்துக்கே திரும்பப் போய்விட்டார் என்று பொருள். கேமராவை அணைத்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லி அழைத்து, இன்று என்ன நாள், இது எந்த இடம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஆலோசகரைக் கூப்பிடுங்கள். அனுமதியில்லாமல் தொடாதீர்கள். அன்றைக்குப் பதிவு முடிந்தது. கண்ணீர் வரும்போது முகத்தை நோக்கி ஜூம் போகும் ஒளிப்பதிவாளர் இந்தப் படத்துக்கு வேண்டாம்.

இப்போது முகத்தை மறைப்பது. மங்கலாக்கினால் போதாது, பல காரணங்களால். மங்கலாக்கும் வட்டம் தலை அசையும்போது இரண்டு ஃபிரேம் நழுவினாலும் ஒருவர் அதை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவார். கட்டம் கட்டமான மறைப்பிலிருந்து பல ஃபிரேம்களைச் சேர்த்து முகத்தை மீட்டெடுக்க முயலலாம். எல்லாவற்றையும்விட, மறைக்காத மூலக் கோப்பு எங்கோ ஓர் ஹார்ட் டிஸ்க்கில் இருந்துகொண்டே இருக்கும். டிரெய்லர் வெட்டும் வெளியாள் தவறான பதிப்பை எடுத்துவிடுவது உண்மையில் நடப்பதுதான். ஆகவே மறைக்க வேண்டிய முகத்தைப் பதிவே செய்யாதீர்கள்.

நிழலுருவமாக எடுப்பதென்றால், பின்னால் பிரகாசமான சுவர், முகத்தில் வெளிச்சமே விழாத அமைப்பு, இரண்டுக்கும் குறைந்தது 5 ஸ்டாப் வித்தியாசம் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு). ரா, லாக் வடிவங்களில் பதிவு செய்யாதீர்கள். அவை நிழலுக்குள் இருப்பதையும் சேமித்து வைக்கும், பின்னால் யாரும் வெளிச்சத்தை ஏற்றி முகத்தைப் பார்க்கலாம். ஒரு நிமிடம் சோதனையாக எடுத்து, கணினியில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பாருங்கள். மூக்கும் கண்ணும் தெரிந்தால் அமைப்பு தவறு. பக்கவாட்டுத் தோற்றம் வேண்டவே வேண்டாம், மூக்கும் தாடையும் போதும் ஊராருக்கு. அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு துணித் திரை, பின்னால் விளக்கு, திரையில் விழும் உருவம் மட்டும் என்றால் ஓரளவு நிம்மதி. எல்லாவற்றிலும் பாதுகாப்பானது ஒலி மட்டும் பதிவு செய்வது.

கைகளைக் காட்டுவது எல்லோரும் செய்யும் பழக்கம். மோதிரம், வளையல், பச்சை குத்தியது, தழும்பு, வளைந்த விரல் ஆகியவை முகத்துக்குச் சமம். குரலைத் தடிமனாக்கும் மென்பொருள் மாற்றத்தை எதிர்த்திசையில் திருப்பிவிட முடியும். அதே வயது, அதே வட்டார வழக்குள்ள இன்னொரு பெண்ணைக் கொண்டு அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மறுபடியும் பேச வைத்து, படத்தில் அப்படி எழுத்தில் அறிவித்துவிடுங்கள். மூல ஒலியைத் தொகுப்புக் கோப்பிலிருந்தே நீக்குங்கள். அவருக்கே உரிய சொலவடை இருந்தால் அந்த வாக்கியத்தைப் படத்தில் சேர்க்காதீர்கள். செச்னியா பற்றி 2020-இல் வந்த ஆவணப்படம் ஒன்று, தன்னார்வலர்களின் முகங்களைக் கணினி வழியே பொருத்தி, உணர்ச்சி தெரியும்படியும் அடையாளம் தெரியாதபடியும் செய்தது. செலவு மிக அதிகம். அந்த வழியிலும் மூலக் கோப்பில் உண்மை முகம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஆனால் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது முகத்தால் இல்லை, விவரங்களின் கூட்டால். மாவட்டம், வயது, மூன்று பெண் குழந்தைகள், தையல் வேலை, எந்த மாதம் திரும்பி வந்தார் என்று ஐந்து விவரம் சேர்ந்தால் ஊரில் ஒருவர்தான். சன்னலுக்கு வெளியே தெரியும் கோபுரம், பின்னணியில் ஒலிக்கும் தொழுகை அழைப்பு, அவர் வீட்டு மாடு, வாசல் கதவின் நிறம் எல்லாம் அப்படியே. அடையாளம் தெரிகிறதா என்று அந்நியர் ஒருவர் பார்த்துச் சொல்வது போதாது. அவர் ஊரை நன்றாக அறிந்த, ஏற்கெனவே அவர் விஷயம் தெரிந்த களப்பணியாளர் ஒருவர் தொகுத்த காட்சியைப் பார்த்து, "ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பார்களா?" என்று சொல்ல வேண்டும். அவர் தயங்கினால் வெட்டுங்கள்.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. பயணத்துக்கு முன்பே ஹார்ட் டிஸ்க், போன், மடிக்கணினி அனைத்தையும் முழு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிடுங்கள். மெமரி கார்டில் அழித்தது உண்மையில் அழியாது, எல்லைச் சோதனையில் மீட்டெடுப்பார்கள். போனிலும் கேமராவிலும் ஜி.பி.எஸ். அணைந்திருக்கட்டும். கோப்புக்குப் பெயர் வேண்டாம், குறியீடு. எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறு ஊரில், வேறு ஆளிடம். இரண்டு பிரதிகள், இரண்டு இடங்கள். பேச்சை எழுத்தாக்கித் தரும் இலவச இணையச் சேவைகளில் இந்த ஒலியை ஏற்றவே கூடாது. கட்டடம், ஆவணம், புதைகுழி போன்ற சான்றாகக்கூடிய காட்சிகளுக்கு மட்டும் எடுத்த அன்றே கோப்பின் கைரேகை போன்ற எஸ்.எச்.ஏ. 256 ஹாஷ் எண்ணைக் கணித்துக் குறித்து வைத்தால், பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டலாம்.

பலர் யோசிக்காத ஒன்று நீதிமன்றம். நீங்கள் எடுத்த முழுக் காட்சியையும் ஒரு நாள் வழக்கில் கேட்கலாம். அவர் உங்களிடம் ஒரு மாதிரியும் விசாரணையாளரிடம் சற்று வேறு மாதிரியும் சொல்லியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வேறுபாட்டைத்தான் எடுப்பார். நடந்ததை விவரமாகக் கேட்காதீர்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம். வழக்கு நிலுவையில் இருந்தாலோ அவர் வழக்குத் தொடர நினைத்தாலோ அவருடைய வழக்கறிஞரைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். 2002 டிசம்பர் 11 அன்று யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு, போர்ச் செய்தியாளர்களைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த இரண்டு நிபந்தனைகள் விதித்தது: அந்தச் சாட்சியம் வழக்கின் மையத்துக்கு நேரடியாக முக்கியமானதாக இருக்க வேண்டும், வேறு வழியில் கிடைக்காததாக இருக்க வேண்டும். அது ஒரு கவசம்தான், முழுக் கவசம் இல்லை. தேசிய நீதிமன்றங்கள் அதைப் பின்பற்ற வேண்டியதும் இல்லை. அதனால் "நீங்கள் சொல்வது யாருக்கும் போகாது" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆண்களை விட்டுவிடாதீர்கள். தடுப்பு முகாம்களில் ஆண்கள் மீது நடக்கும் பாலியல் வன்முறை பெரும்பாலும் "சித்திரவதை" என்ற பொதுச் சொல்லுக்குள் போய்விடுகிறது. அவர்களிடம் அந்தப் பெயரால் கேட்டால் இல்லை என்பார்கள். "தடுப்பில் உங்கள் உடலுக்கு என்ன செய்தார்கள்" என்றால் சொல்பவர் உண்டு. ஆணுக்கு நடந்ததை வன்புணர்வாகச் சட்டம் ஏற்காத நாடுகளும், பேசுபவரையே ஓரினச்சேர்க்கைக் குற்றத்தில் பிடிக்கக்கூடிய நாடுகளும் இருக்கின்றன. அதை முன்பே விசாரித்துவிடுங்கள். சொந்தப் படைக்குள்ளேயே பாதிக்கப்பட்டவர்களும் உண்டு: 2019 ஜூலை 8 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் காங்கோவின் ஆயுதக் குழுத் தளபதி போஸ்கோ ந்டகாண்டாவைக் குற்றவாளி என்று அறிவித்தபோது, அவர் படையிலிருந்த சிறார்ப் படையினர் மீதான வன்புணர்வும் குற்றங்களில் ஒன்று. வன்புணர்வால் பிறந்த குழந்தைகளை மட்டும் எந்த நிலையிலும், பின்புறமாகக்கூட, ஃபிரேமில் கொண்டுவராதீர்கள். பலருக்குத் தாங்கள் பிறந்த விதமே தெரியாது.

தொகுப்பில் நடித்துக்காட்டும் காட்சி வேண்டாம், கிழிந்த துணி வேண்டாம், சோக வயலின் வேண்டாம். குற்றவாளிகள் தாங்களே போனில் எடுத்த வீடியோக்கள் கிடைத்தால் அவற்றைப் படத்தில் போடுவது அந்த அவமதிப்பை மறுபடி நிகழ்த்துவதுதான். அப்படி ஒன்று இருக்கிறது, யார் சரிபார்த்தார்கள், அதில் சீருடையும் குரல்களும் எதைக் காட்டுகின்றன என்று ஒரு நிபுணர் பேசினால் போதும். இறந்த பெண்களுக்கும் குடும்பம் இருக்கிறது. குற்றவாளியை நேர்காணல் செய்தால் அவர் சொல்வதைச் சரிபார்க்கப்பட்ட ஆவணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தனியாக விட்டால் பெருமை பேசும் மேடையாகிவிடும். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்படுபவருக்கு எழுத்தில் கேள்விகள் அனுப்பி, பதிலளிக்க நியாயமான அவகாசம் கொடுங்கள். போஸ்டர், முகப்புப் படம், டிரெய்லர் மூன்றையும் விற்பனை ஆட்களிடம் விடாதீர்கள். படத்தில் பாதுகாத்ததையெல்லாம் ஒரு யூடியூப் முகப்புப் படம் கெடுத்துவிடும். ஒப்பந்தத்திலேயே உங்கள் அனுமதி தேவை என்று எழுதுங்கள்.

படத்தொகுப்பாளரும் ஒலியை எழுத்தாக்குபவரும் இதை நூறு முறை கேட்கிறார்கள், அதுவும் தனியாக. கடினமான பகுதிகளை ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் பார்க்க வேண்டாம் என்ற விதியை வையுங்கள், ஒலியில்லாமல் செய்யக்கூடிய வேலையை ஒலியில்லாமல் செய்யச் சொல்லுங்கள், இரவில் வேண்டாம். தூக்கம் கெடுவது, எரிச்சல், எதையும் உணராமல் போவது ஆகியவை தெரிந்தால் ஆலோசகரின் கட்டணம் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் அது உண்டு. அவரும் பெரும்பாலும் அதே போரிலிருந்து வந்தவர்தான்.

படம் முடிந்ததும் பங்கேற்றவர்களுக்கு முதலில் காட்டுங்கள், பாதுகாப்பான இடத்தில், தனித்தனியாக. ஒருவர் பங்கேற்றது இன்னொருவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வெளியீட்டுத் தேதியைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் அவர் கூப்பிட ஓர் எண்ணும், ஆபத்து வந்தால் தற்காலிகமாக இடம் மாறப் பணமும் தயாராக இருக்கட்டும். வெளியானபின் ஓராண்டுக்கு ஒருவர் அவர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுங்கள். ஆட்சி மாறும், சமாதான ஒப்பந்தம் உடையும், பேசியபோது பாதுகாப்பாக இருந்தவர் அடுத்த ஆண்டு ஆபத்தில் இருப்பார். அவர் கேட்டால் இணையப் பதிப்பிலிருந்து அவர் பகுதியை நீக்கிப் புதிய பதிப்பை ஏற்ற, தொகுப்புக் கோப்பை அதற்கேற்ற நிலையில் வைத்திருங்கள், விநியோக ஒப்பந்தத்திலும் அந்த உரிமையை எழுதி வாங்குங்கள்.